மாப்பையில் தைத்த பாய்

பாசையூரில் என்னைத் தையல்காரி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். சாரிச் சட்டை தைப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதை நான் மறைத்ததும் இல்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் போன முறை கை கொஞ்சம் பிடித்தது என்று இழுத்தால், கை பிடிக்கவில்லை, நீங்கள்தான் கொழுத்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லியும் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்றால், தையல் அப்படி.

அந்தத் திமிரில்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பாய் தைத்துத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். படுக்கிற பாய் அல்ல, வள்ளத்தில் ஏற்றுகிற பாய்.

சண்டைக்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வராத காலம் அது. மோட்டார் பூட்டி ஓடிய வள்ளங்களின் மோட்டார்கள் எல்லாம் சாக்குச் சுற்றி வீட்டு மூலைகளில் கிடந்தன. எங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தது. வெட்டிய துணிகளை நான் அதன் மேல்தான் போட்டு வைப்பேன். கரையில் இருந்த ஆண்கள் எல்லோரும் மறுபடி பாய் ஏற்றத் தொடங்கினார்கள். கடலில் எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்பது கிழமைக்குக் கிழமை மாறும். போகக்கூடிய பக்கத்துக்குப் பாய் போதுமாக இருந்தது.

வள்ளம் இவருடைய அண்ணனுடையது. இவர் என்றால் என் வீட்டுக்காரர். அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். தொழிலுக்குப் போவது அவர்கள் இரண்டு பேரும்தான். காற்று வருகிற பக்கம் வள்ளத்துக்கு வெளியே ஒரு பலகை நீண்டிருக்கும். அத்தான் அதில் ஏறி இருந்து, வள்ளம் சரியாமல் தன் பாரத்தைக் கொடுப்பார். இவர் பின்னால் இருந்து ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் தாமானையும் பிடிப்பார். தாமான் என்பது பாயின் பின்மூலையில் கட்டிய கயிறு. அதை இழுத்தால் பாய் உள்ளே வரும், விட்டால் வெளியே போகும். பதினாறு பதினேழு வயதில் இருந்து அந்த வள்ளத்தின் சுக்கான் இவர் கையில்தான்.

பாய்க்குத் துணி வேண்டுமே. கடையில் துணி ஏது? நிவாரணமாக வந்த கோதுமை மாப்பைகள்தான் இருந்தன, நல்ல கெட்டியான பருத்தித் துணி. அக்கம்பக்கத்தில் எல்லாம் கேட்டுச் சேர்த்து, சாம்பல் போட்டு அவித்துத் தோய்த்தேன். மா போனது, எழுத்துப் போகவில்லை. ஒவ்வொரு பையின் நடுவிலும் கொட்டை கொட்டையாக நீல எழுத்தில், விற்பனைக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கரை முழுவதும் நின்று வாசிக்க, நிவாரணப் பையைக் கட்டிக்கொண்டா எங்கள் வள்ளம் போக வேண்டும்? எழுத்து இருந்த நடுத்துண்டுகளை எல்லாம் வெட்டி எடுத்துத் தலையணை உறை தைத்துவிட்டேன்.

மிச்சம் வந்தவை ஒடுங்கலான நீளத் துண்டுகளும் மூலைத் துண்டுகளும். நீளத் துண்டுகளை ஒழுங்காக, துணியின் நூல் ஓடுகிற திசையிலேயே, நேர்நூலில் வைத்து முன்பக்கத்தையும் நடுவையும் தைத்தேன். பின்பக்கத்துக்குக் காணவில்லை. மூலைத் துண்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகப் பொருத்தி அந்தப் பக்கத்தை நிரப்பினேன். துணியைக் குறுக்கில் போட்டால் இழுபடும் என்று எனக்குத் தெரியாதா? குறுக்குவெட்டுச் சட்டை உடம்போடு ஒட்டி நிற்பது அதனால்தானே. பாயும் கொஞ்சம் இழுபட்டுக் காற்றோடு ஒட்டி நின்றால் நல்லதுதான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பின்விளிம்பு கிழியக்கூடாது என்று அதை மூன்றாக மடித்து, உள்ளே கயிறு வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கித் தைத்தேன். நூல் கிடைக்காததால் பழைய வலையின் நைலோன் நூலைப் பிரித்து எடுத்துக்கொண்டோம். தடித்த இடங்களில் மெசின் ஊசி முறிந்தது, அந்த இடங்களைக் கையால் தைத்தேன். மூன்று கிழமை எடுத்தது.

தை மாதக் கடைசியில் பாய் ஏறியது. ஒரு எழுத்து இல்லை, ஒரு கறை இல்லை, வெள்ளை வெளேர் என்று நின்றது. பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். நான் அன்றைக்கு நிலத்தில் நடக்கவில்லை.

காற்று மெல்லியதாக இருந்த மட்டும் ஒரு குறையும் இல்லை. சோழகக் காற்று எழும்பிய பிறகுதான் வினை தொடங்கியது. இவர்கள் வலை போடுவது கிழக்கே, கச்சாய்ப் பக்கத்துக் கடலில். திரும்பி வரும்போது தென்மேற்கில் இருந்து வரும் சோழகத்தை எதிர்த்து வளைந்து வளைந்து வர வேண்டும். மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்து, மீனும் ஏலம் கூறி முடிந்த பிறகு எங்கள் வள்ளம் ஆடி அசைந்து வரும். ஐஸ் இல்லாத காலம். சைக்கிள்காரர் முதலில் வந்த வள்ளங்களின் மீனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறும் முன்னர் திருநெல்வேலிச் சந்தைக்கும் சுன்னாகத்துக்கும் மிதித்துவிடுவார்கள். எங்கள் திரளி மீனும் ஓரா மீனும் கருவாடாகின. முற்றம் முழுக்கக் கருவாடு. தைத்து மடித்து வைத்த சட்டைகளில்கூட அந்த மணம் ஏறியது, அதற்கும் எனக்கு நாலு பேரிடம் பேச்சு.

இவருடைய வலது தோள் வீங்கிப்போனது. சேட்டுப் போடக் கையைத் தூக்க முடியாது. நான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொண்டே திட்டுவேன். கிழவனாகிவிட்டீர்கள், இனிக் கரையில் இருந்து வலை பின்னத்தான் சரி என்பேன். இவர் சிரிப்பார். ஓமப்பா, வயது போகுதுதானே என்பார். முப்பத்தாறு வயது அப்போது.

எங்கள் வேதக்கோயில் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அத்தான் தனியாக வீட்டுக்கு வந்தார். இவர் அந்த நேரம் தண்ணீர் அள்ளப் போயிருந்தார். அத்தான் அதிகம் பேசுகிற ஆள் அல்ல. வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

“தம்பியின்ரை கை முந்தின மாதிரி இல்லைப் பிள்ளை. பெருநாளோடை சுக்கானை வேறை ஆளிட்டைக் குடுக்கலாம் எண்டு இருக்கிறன். நீதான் அவனுக்குப் பக்குவமாச் சொல்ல வேணும்.”

எனக்கு ஏறிவிட்டது. சொந்தத் தம்பியை வள்ளத்தை விட்டு இறக்குகிறீர்களா என்று கேட்டேன். இறக்கவில்லை, பலகையில் இருக்கட்டும் என்றார். பலகையில் பாரத்துக்கு ஒரு கல்லையும் ஏற்றி வைக்கலாம். இருபது வருடமாகச் சுக்கான் பிடித்த மனிதனை அதில் தூக்கி வைத்தால் அவர் கரையில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? என் கோபத்தை அத்தான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கை அப்படி என்னதான் பிழை செய்கிறது என்று கடைசியில் கேட்டேன். வள்ளம் ஓயாமல் காற்றுக்கு முகத்தைத் திருப்பப் பார்க்கிறது, தம்பி அதைத் திரும்பவிடாமல் வழி முழுவதும் சுக்கானை இழுத்துப் பிடித்தபடி வருகிறான், அப்படி இழுத்துப் பிடித்தால் சுக்கானே தண்ணீரில் தடையாக நின்று வேகத்தைத் தின்றுவிடும் என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒரு வள்ளம் ஏன் சும்மா முகத்தைத் திருப்பும்? எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு சட்டை இடப்பக்கம் இழுக்கிறது என்றால் உடம்பைக் குறை சொல்ல முன்னர் நான் தையலைத்தான் பார்ப்பேன். போட்டுக் காட்டச் சொல்லித்தான் பார்ப்பேன், கொடியில் தொங்கவிட்டு அல்ல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னேன். இவர் திகைத்துப்போனார். எங்கள் கரையில் பெண்கள் தொழில் வள்ளத்தில் கால் வைப்பதில்லை, வைத்தால் மீன் படாது என்று ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமையில் யாரும் கடலுக்குப் போவதும் இல்லை. நான் சொன்னேன், இன்றைக்கு நாங்கள் மீன் பிடிக்கப் போவதில்லை, பிடிக்காத மீன் எப்படிப் படாமல் போகும் என்று. பூசைக்குக் கட்டிய சேலையோடு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து போய் ஏறினேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

அத்தானின் பலகையில் என்னால் ஏற முடியாது, பயம். காற்றுப் பக்கத்து ஓரத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கரையில் நின்று பார்க்கும்போது மெத்தென்று போவது போலத் தெரிகிற வள்ளம், உள்ளே இருந்தால் ஒவ்வொரு பலகையாலும் முனகுகிறது. கொஞ்சத் தூரம் போனதும் சோழகம் பிடித்தது. இவர் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு சுக்கானை நெஞ்சோடு சேர்த்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. இதைத்தான் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்காகச் செய்துவிட்டு வந்து, வயது போகிறது என்று எனக்குச் சிரித்துக் காட்டியிருக்கிறார்.

தாமானை இன்னும் உள்ளே இழுங்கள் என்றேன். இழுத்தார். வள்ளம் சரிந்தது, நுரை பறந்தது, சுக்கான் இன்னும் பாரமானது, ஆனால் கரையில் இருந்த மரங்கள் முன்னரைவிட மெதுவாகத்தான் நகர்ந்தன. இறுக்கினால் வேகம் வரும் என்று எல்லோரும் நினைப்பதுதான், அது பிழை என்று இவர் சொன்னார். பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட வேண்டும், முன்விளிம்பு துடிக்கத் தொடங்கியதும் நிறுத்தி, ஒரு சாண் உள்ளே எடுக்க வேண்டும், அதுதான் பாயின் சரியான இடம். அப்படிச் செய்தும் காட்டினார். உண்மைதான், வள்ளம் நிமிர்ந்தது, ஓட்டமும் கூடியது. ஆனால் அந்தச் சரியான இடத்திலும் சுக்கான் இவர் கையை இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

நான் பாயைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் காற்றுக்குள் இருந்து அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முன்விளிம்பில் இருந்து சரிவாகச் சுருக்குகள் ஓடின. தோள் சரியாக உட்காராத சட்டையில் வருகிற அதே சுருக்கு. முன்மூலையைக் கீழே இழுத்துக் கட்டிய கயிற்றை இன்னும் இறுக்கச் சொன்னேன். இவர் சுக்கானைக் காலால் அணைத்துக்கொண்டு எட்டி இறுக்கினார். சுருக்குப் போனது, பாயின் வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்தது. இவர் முகத்தில் ஒரு மாற்றம். சுக்கான் கொஞ்சம் இளகிவிட்டது என்றார், உனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார். தோளைச் சரியாக்கினால் நெஞ்சில் உள்ள சுருக்குப் போகும், இதில் என்ன அதிசயம் என்றேன். அந்த நிமிடம் எனக்குப் பழைய திமிர் முழுவதும் திரும்பி வந்தது.

அது நிலைக்கவில்லை. பின்பக்கத்தைப் பார்த்தேன். நான் மூலைத் துண்டுகளைக் குறுக்கில் பொருத்திய அந்த இடம் முழுவதும் காற்றில் இழுபட்டு இழுபட்டுத் தொங்கிப்போய் இருந்தது. விளிம்பில் நான் கயிறு வைத்து இறுக்கியது மட்டும் இம்மியும் அசையாமல் நின்றது. துணி நீண்டுவிட்டது, விளிம்பு நீளவில்லை. நடுவில் ஒரு பை. பாய்க்குள் வந்த காற்று வழுக்கி வெளியேற வழியில்லாமல் அந்தப் பைக்குள் அடைபட்டு, வள்ளத்தின் பின்பக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் தள்ளினால் முன்னால் திரும்பாமல் என்ன செய்யும்?

வள்ளத்தில் பிழை இல்லை. இவர் கையில் பிழை இல்லை.

“என்ரை தையல்தான் பிழை” என்றேன்.

இவர் கடலைப் பார்த்தார். “சீ, அப்பிடி ஒண்டும் இல்லை. என்ரை கைதான்.”

எனக்கு வந்த கோபத்தில் பயம் எல்லாம் பறந்தது. எழுந்து நின்று, நாளைக்கு இந்தப் பாயை ஏற்றினால் நான் வீட்டில் சமைக்க மாட்டேன் என்று கத்தினேன். இவர் என்னைச் சேலையில் பிடித்து இழுத்து இருத்தி, முதலில் கரைக்குப் போவோம் என்றார்.

பாயை வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றைக்கே பிரிக்கத் தொடங்கினேன். விளிம்புக் கயிற்றைக் கழற்றி, குறுக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த இடத்துக்கு நேர்நூலில் நிற்கிற அகலமான துணி வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று. தலையணைகளில் இருந்து உறைகளை உருவினேன். நீல எழுத்து, கொட்டை கொட்டையாக, ஆறு இடத்தில் விற்பனைக்கு அல்ல. எழுத்தை மறைக்க வழி இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், இல்லை. நூல் எப்படி ஓட வேண்டுமோ அப்படி வைத்தேன். எழுத்துத் தலைகீழாக வந்த இடத்தில் தலைகீழாகவே விட்டேன்.

அது பெருநாள் நேரம், எனக்குச் சட்டை வேலை தலைக்கு மேல். வந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். பாயைப் பிழையாகத் தைத்துவிட்டேன், பிரித்துத் தைக்கிறேன், நாலு நாள் பொறுங்கள் என்று உள்ளதைச் சொன்னேன். இரண்டு பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தி, பாயையே பிழையாகத் தைக்கிறவள் சட்டையை என்ன செய்வாளோ என்று வாசல் கேற்றடியில் நின்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். வேறு நேரம் என்றால் நான் அவளை அப்படியே விட்டிருக்க மாட்டேன். வாயில் ஊசி நூலைக் கடித்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தேன்.

வியாழக்கிழமை பாய் ஏறியது. அன்றைக்கு எங்கள் வள்ளம் இரண்டாவதாக வந்தது. சைக்கிள்காரர் மீனைப் பெட்டியில் போடும்போது இவர் வள்ளத்தின் பின்னால் இருந்தபடியே எனக்கு வலது கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரலை மட்டும் நீட்டி, மற்றதை மடக்கி. சுக்கானைப் பிடிக்க இரண்டு விரல் போதுமாம். நான் சிரித்துவிட்டேன், அழுகையும் வந்தது.

பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் பாய் வள்ளப் போட்டி. பதினொரு வள்ளங்கள். எங்கள் வள்ளம் திரும்பி வரும்போது கரையில் நின்ற இளந்தாரிகள், விற்பனைக்கு அல்ல வருகுது என்று கூவினார்கள். ஊரே சிரித்தது. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டேனோ என்னவோ, என் கண் தாமானில் இருந்தது. கடைசி வளைவில் மற்றவர்கள் எல்லோரும் அவசரத்தில் பாயை இறுக்கினார்கள். இவர் மட்டும் ஒரு சாண் விட்டார். அத்தான் பலகையில் முதுகு தண்ணீரில் முட்டுகிற மாதிரிச் சாய்ந்தார். வள்ளம் நிமிர்ந்து இரண்டு பேரைத் தாண்டியது. பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து, பார், விட்டார், விட்டார் என்று நான் கத்தியது அவளுக்கு ஒன்றும் விளங்கியிராது. மூன்றாவதாக வந்தார்கள். எனக்கு அது போதும் போதும் என்று இருந்தது.

அத்தான் கரைக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நான் நேரே போய், இனியும் சுக்கானுக்கு ஆள் தேடுகிறீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் ஏளனமாகத்தான் கேட்டேன்.

அவர் துவாயைத் தோளில் போட்டார். “சோழகம் துடங்கினவுடனை நான் சொன்னனான் பிள்ளை, பாய்தான் பிழை, இறக்கிப்போட்டு வேறை பாப்பம் எண்டு. பாய் இறங்கினா நானும் இறங்குவன் அண்ணை எண்டான். நான் பிறகு என்னத்தைக் கதைக்கிறது? அதுதான் உன்னட்டை வந்து கையைச் சொன்னனான், நீ சும்மா விடமாட்டாய் எண்டு தெரியும்.”

இவர் வள்ளத்தடியில் பாயை இறக்கித் தனியாக மடித்துக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன். தெரிந்துகொண்டா தோளை முறித்தீர்கள், ஒரு சொல் எனக்குச் சொன்னால் என்ன, நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன் என்று பொரிந்து தள்ளினேன். இவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அண்ணை பாயைச் சொல்லேக்கை கரையிலை பத்துப் பேர் நிண்டவை” என்றார். “அவையின்ரை மனிசிமார் எல்லாம் உன்னட்டைத்தானே சட்டை தைக்கினம்.”

குனிந்து பாயின் மற்ற முனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக அதை மடித்தோம்.